பட்டை கட்டிய கை

"கொஞ்சம் உக்காருங்களேன். நீங்க நடக்கிற நடைக்குத் தரை தேஞ்சிடும் போல" என்றாள் மனைவி.

பஸ் டிரைவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கட்டிலில் உட்கார்ந்தார், எழுந்தார், மேஜைமேல் சாய்த்து வைத்திருந்த போனை எட்டிப் பார்த்தார். சற்று நேரத்தில் பிசியோதெரபி மேடம் வீடியோவில் வந்துவிடுவார். வலது தோள் தேறிவிட்டது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கே ஸ்டியரிங். இல்லையென்றால் டிப்போவில் வண்டிச் சாவிகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டு, கண்டக்டர்களின் கேலியையும் கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

"ஆரம்பத்துலயே பயிற்சியை நீங்க ஒழுங்கா செஞ்சிருக்கலாம்ல?"

"போன் முன்னாடி நின்னு கையை ஆட்டினா வலி போயிடுமா? பஸ்ஸை எடுத்தா தானா சரியாயிடும். நீ வேற பயமுறுத்தாதே."

தோள் பயிற்சிக்கென்று டிப்போவில் ஒரு பட்டை கொடுத்திருந்தார்கள். கையில் கட்டிக்கொண்டு பயிற்சி செய்தால், கை எவ்வளவு தூரம் ஏறியது என்ற கணக்கு போன் வழியே மேடத்துக்குப் போய்விடும். முதல் நாளே அதை மனைவியின் கையில் கட்டிவிட்டு, "தினமும் நீயே செஞ்சிடு" என்று வேலைக்குக் கிளம்பியவர் அவர். வலி எப்படி இருக்கிறது என்று போன் கேட்டால் பதில் எழுதுவதும் அவள்தான். தன் சாமர்த்தியத்தில் அவருக்கே ஒரு பெருமை உண்டு. அது, வீடியோவில் பார்க்க வேண்டும் என்று இன்று காலை மேடம் சொல்லும் வரைக்கும்தான்.

போன் அடித்தது. திரையில் மேடம் சிரித்தார்.

"சார், உங்களை மாதிரி ஒரு பேஷண்டை நான் பார்த்ததே இல்லை. ஒரு நாள் விட்டதில்லை! முதல் வாரம் தலை வார முடியலை, அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியலைன்னு எழுதியிருந்தீங்க..."

டிரைவர் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். என்னமாய்க் கதை விட்டிருக்கிறாள்!

"இப்போ கை காது வரைக்கும் ஏறுது. எங்க, என் முன்னாடி ஒரு தடவை தூக்குங்க பார்க்கலாம்."

தூக்கினார். தோள் உயரம் வருவதற்குள் சுருக்கென்று பிடித்தது. திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான், கத்தவும் முடியவில்லை.

"என்ன சார், நேத்துகூட நல்லா ஏறுச்சே?"

"இங்க... நெட்வொர்க் சரியில்லைங்க மேடம்."

"நெட்வொர்க் இல்லைன்னா கையுமா ஏறாது?"

இனி மறைத்துப் பயனில்லை. "மன்னிச்சிடுங்க மேடம். பட்டையை நான் கட்டவே இல்லை. எல்லாம் என் வீட்டுக்காரிதான். எழுதினதும் அவதான், சும்மா நடிப்பு. டிப்போவுக்கு மட்டும் சொல்லிடாதீங்க."

மேடம் திட்டவில்லை. திரையில் எதையோ தேடிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது டிரைவருக்கு.

"முதல் நாளும் அவங்கதானா?"

"ஆமாங்க மேடம்."

"எழுதினது நடிப்பாவே இருக்கட்டும் சார். பட்டைக்கு நடிக்கத் தெரியாதே. முதல் வாரம் முழுக்க ஒரு கை மார்புக்கு மேல ஏறவே இல்லை. பாதியிலேயே நடுங்கி நடுங்கி இறங்கியிருக்கு. அது யாரோட கை?"

டிரைவர் மெல்லத் திரும்பினார்.

"என்னோடதுதாங்க மேடம்" என்றாள் மனைவி. "ரொம்ப வருஷமாவே அப்படித்தான். இப்பத்தான் ஒருத்தர் கேக்குறீங்க."