பவளத்தின் சடை

ஞாயிற்றுக்கிழமை. எழுந்ததும் அடுப்பு மூட்டினேன். பூந்திக்கொட்டைகளை நசுக்கிக் கொதிக்கவிட்டேன். ஆறியபின் துணியில் வடிகட்டினேன்.

வடிகட்டாவிட்டால் சக்கை சடைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு எடுக்க முடியாது.

பவளம் குழாயடியில் மணைமேல் குனிந்து உட்கார்ந்தாள். அவளுக்கு ஏழு வயது. தலை நிறையச் சடைகள், என் சுண்டுவிரல் மொத்தத்தில், தோள்வரை.

நீரை உச்சியில் ஊற்றித் தலைத்தோலை மட்டும் விரல்நுனியால் தேய்த்தேன். சடைகளைப் பிழிந்தேன். அவற்றைத் தேய்த்தால் பிசிறும்.

பிறகு வேர்களைப் பார்த்தேன். பக்கத்துப் பக்கத்துச் சடைகள் அடியில் ஒட்டி ஒன்றாகிவிடப் பார்க்கும். வாரத்துக்கு வாரம் வலிக்காமல் விரலால் பிரித்துவிட வேண்டும்.

தொடக்கத்தில் இதெல்லாம் தெரியாது. முடி பின்கழுத்தில் பாய்போல ஒட்டிக்கொண்டது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துத் தனித்தனியாக்கினேன். பவளம் அழுதாள். நான் நிறுத்தவில்லை.

தேங்காயெண்ணெயும் வைத்துப் பார்த்தோம். பினாங்கு ஈரத்தில் ஊறி நாற்றமெடுத்தது. எண்ணெயை விட்டேன். வெயிலுள்ள நாளில் மட்டும் தலைக்கு ஊற்றினேன். மழைக்காலத்தில் சாம்பிராணிச் சட்டி. உள்வரை காயாமல் அவளைத் தூங்கவிட்டதில்லை.

இப்போது நாற்றமில்லை. பேனில்லை. புண்ணில்லை.

நாங்கள் குடியிருக்கும் டத்தோ கிராமாட்டில் பெரியவர்கள் சிலர் அவளைக் கும்பிட்டுப் போகிறார்கள். "பி.ஏ. படிச்சவர் வீட்டுலயே அம்மன் இறங்கிட்டா" என்கிறார்கள். பிள்ளைகள், "சடைச்சாமி, சடைச்சாமி, மிட்டாய் குடு சாமி" என்று கத்திக்கொண்டு ஓடுகிறார்கள்.

எனக்கு அம்மனிடம் நம்பிக்கையில்லை. பட்டர்வொர்த்தில் ரயில் ஆபீஸ் கிராணி, கணக்கெழுதுகிற வேலை. காலையில் ஃபெர்ரியில் போகிறேன், மாலையில் வருகிறேன். கோயிலுக்குப் போவதில்லை.

என் மனைவி கடைசியாகக் கேட்டது இது ஒன்றுதான். அதனால் செய்கிறேன்.

இரண்டாவது பிரசவம். பவளத்துக்கு அப்போது மூன்று வயது. ஆண்கள் போகக்கூடாத அறை. நான் வாசலில் நின்றிருந்தேன். அவளுடைய அக்காள் தைலம்மை அடுக்களையில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை பிழைக்கவில்லை. பொழுது விடிவதற்குள் என் மனைவியும் போய்விட்டாள்.

"அம்மனை வேண்டிக்கிட்டா தம்பி. பாப்பாவுக்குச் சடை விழணும்னா. என் காதால கேட்டேன்" என்று தைலம்மை சுவரில் சாய்ந்து அழுதாள்.

அன்று முதல் பவளத்தின் தலையில் சீப்புப் படவில்லை.

நாளைக்குப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பதில் சொல்ல வேண்டும். வாரிப் பின்னிக்கொண்டு வரட்டும், அல்லது வெட்டிக்கொண்டு வரட்டும், இரண்டும் முடியாதென்றால் இடமில்லை என்றுவிட்டார்கள். போன வருஷமும் இதையேதான் சொன்னார்கள். கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். நாளைக்கும் அதைத்தான் செய்வதாக இருந்தேன்.

பவளம் முற்றத்து வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டுப் பெண்ணிடம் கடன் வாங்கிய சிலேட்டு மடியில் இருந்தது.

"அப்பா, நான் பள்ளிக்கூடம் போகணும்னு அம்மாகிட்ட யாருமே சொல்லலையா?"

ஒரு சடையை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன். உருட்டினால் முடி கெட்டிப்படும்.

அப்போதுதான் பிடான் நோர்மா வாசலோடு போனாள். மலாய் மருத்துவச்சி, தமிழ் நன்றாகப் பேசுவாள்; இந்தப் பக்கத்துப் பிரசவங்களெல்லாம் அவள் கையில்தான். அன்று என் மனைவியின் தலையை மடியில் வைத்திருந்தவளும் அவள்தான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப்படி ஏறியதில்லை. கெப்பாலா பத்தாஸில் மகளோடு இருப்பதாகக் கேள்வி. எதிர்வீட்டு மருமகளுக்கு வலி கண்டு, ஆளனுப்பி வரவழைத்திருக்கிறார்கள்.

பவளத்தைப் பார்த்ததும் நின்றாள். உள்ளே வந்தாள். ஒரு சடையைத் தூக்கிப் பார்த்தாள்.

"யா அல்லா. இது என்ன லா, கிராணித் தம்பி? தாயில்லாப் பிள்ளைன்னா தலை வாரிவிட வீட்டுல ஆளில்லையா?"

"அவ வேண்டிக்கிட்டது அக்கா. பாப்பாவுக்குச் சடை விழணும்னு. கடைசியா அதுதான் சொன்னாளாம்."

"யாரு கேட்டது?"

அன்றிலிருந்து எங்களோடேயே இருக்கும் தைலம்மை அடுக்களை வாசலுக்கு வந்திருந்தாள். கையில் கரண்டி. "நான்தான் கேட்டேன்" என்றாள்.

"நீ எங்கே கேட்டே? அங்கே அடுப்படியில பானையை உருட்டிக்கிட்டிருந்தே. அவ தலை என் மடியில இருந்துச்சு. என்கிட்டத்தானே சொன்னா."

தைலம்மை கரண்டியை வாசற்படியில் வைத்தாள்.

பவளம் சிலேட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். என் கையிலிருந்த சடை இழுபட்டது. நன்றாகக் காய்ந்திருந்தது. கயிறுபோலக் கெட்டியாக இருந்தது. எந்தச் சீப்பும் இனி அதற்குள் போகாது.

"என்ன சொன்னா?" என்றேன்.

நோர்மா என்னைப் பார்க்கவில்லை. பவளத்தின் பிடரியில் கைவைத்துக்கொண்டு, என் மனைவி சொன்னதை அப்படியே சொன்னாள்.

"பாப்பாவுக்குச் சடை பின்னி விடுங்கக்கா. சிக்கு விழுந்துரும்."