கடைசிப் பக்கத்து அம்மா

முதல் முட்டை தோளில் உடைந்தபோது, மைத்தே உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்திருந்தாள்.

இரண்டாவது காதோரம் வந்து உடைந்தது. வாய் தானாக மூடிக்கொண்டது.

"எத்தனை வருஷம் இழுத்தடிச்ச. இரு, ஓடாத, இன்னும் இருக்கு" என்றாள் நெலிதா அத்தை. கையில் மூன்றாவது முட்டை தயாராக இருந்தது.

ரொசாரியோ நகரத்தில் கடைசித் தேர்வில் தேறி வருகிறவர்களைத்தான் இப்படிக் கல்லூரி வாசலில் நிறுத்தி, முட்டையும் மாவுமாக அடித்துக் குளிப்பாட்டுவார்கள். தேறாதவர்கள் நூலகத்துப் பக்கம் இருக்கும் சின்னக் கதவு வழியாகப் போய்விடுவார்கள்.

மைத்தே அந்தப் பக்கம் போகவில்லை. முன்வாசலில் அப்பா நின்றிருந்தார்.

அவள் அழுதுகொண்டே படியிறங்கி வந்தாள். தேறியவர்களும் அப்படித்தான் வருவார்கள். அத்தை வேறெதுவும் கேட்கவில்லை.

தேர்வு வாய்மொழித் தேர்வு. போன வருடம் வெளியான ஒரு நாவலை அவளே தேர்ந்தெடுத்திருந்தாள். இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் நடக்கும் கதை. படிப்பைப் பாதியில் விட்ட ஒருவன், வீட்டில் சொல்லாமல், தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு வகுப்புக்குக் கிளம்புகிறான். கேன்டீன், வேலைநிறுத்தம், பேராசிரியர்களின் சண்டை என்று ஒரே ஒரு நாள் ஓடி முடிகிறது. வகுப்பில் மற்றவர்கள் அதை வேடிக்கைக் கதை என்றார்கள்.

மைத்தே அதை நவீனத்துவத்தின் வழியாகப் படித்தாள். கடிகார நேரம் வேறு, மனதின் நேரம் வேறு. நடப்பது முக்கியமில்லை, நடக்கும்போது ஒரு மனதுக்குள் ஓடுவதுதான் கதை. பகலில் கண்ணாடிக் கடையில் வேலை, மாலையில் வகுப்பு. நடுவில் பேருந்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஓர் அட்டையில் குறிப்பெடுத்தாள். எழுதியதைச் சந்தேகப்பட்டு அடித்துவிட்டு மறுபடியும் எழுதினாள்.

எல்லாம் சரியாகத்தான் போனது. பேராசிரியை இபார்ரா கடைசிப் பக்கத்துக்கு வரும்வரை.

"கடைசியில அந்த அம்மா பையனோட சட்டைக்கு இஸ்திரி போடறாங்க. நாளைக்கும் வகுப்புக்குப் போகணுமேன்னு. அவங்களுக்கு உண்மை தெரியுமா, தெரியாதா?"

தெரியாது என்றாள் மைத்தே. நாவல் முழுக்க ஓடுவது பையனின் நனவோடை. அம்மாவின் மனதுக்குள் நாவல் ஒரு முறைகூட நுழையவில்லை. ஆகவே தெரியாது.

பேராசிரியை அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டார். பிறகு இன்னொரு விதமாக. மைத்தே அட்டைகளைப் புரட்டினாள். எந்த அட்டையிலும் அம்மா இல்லை.

"முறையைப் படிச்சிருக்கீங்க, மைத்தே. அந்த அம்மாவைப் படிக்கல. மார்ச்சுல வாங்க."

மார்ச்சில் வரலாம்தான். அவள் வரலாம்.

அப்பாவுக்கு மார்ச் வரை போகுமா என்று மருத்துவர் தயங்கிச் சொன்னதை, வீட்டில் யாரும் திரும்பச் சொன்னதில்லை. இந்தத் தேர்வை டிசம்பரிலேயே முடித்துவிட வேண்டும் என்று அவள் துடித்தது அதற்காகத்தான். அதையும் யாரும் சொன்னதில்லை.

இப்போது அப்பா முட்டையை எடுத்தார். கல்யாணத்துக்குப் போடும் கோட்டைப் போட்டிருந்தார். மெலிந்துபோய், அந்தக் கோட்டுக்குள் எங்கேயோ இருந்தார்.

குறிபார்த்து எறிந்தார். முட்டை பாதி தூரம்கூட வராமல் நடைபாதையில் விழுந்தது.

"ஓஸ்வால்தோ, பந்து விளையாடுன ஆளா நீ. கிட்டப் போய் உடை" என்றாள் அத்தை.

அப்பா சிரித்தார். இன்னொரு முட்டையை எடுத்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தார். வந்து சேர்ந்ததும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

சொல்லிவிடலாம் என்று நினைத்தாள் மைத்தே. இப்போது, காதோடு காதாக. அப்பா, நான் தேறவில்லை.

"அப்பா" என்றாள்.

அவர் முட்டையை அவள் உச்சந்தலையில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தி உடைத்தார். சில்லென்று நெற்றியில் வழிந்தது. கண்ணுக்குள் போகாமல் கட்டைவிரலால் வழித்துவிட்டார்.

"அந்த அம்மாவுக்குத் தெரியாதுன்னு நீ சொன்னது ஒண்ணும் தப்பில்லடா கண்ணு" என்றார், அத்தைக்குக் கேட்காதபடி. "தெரியாத மாதிரிதான் அவ இருந்திருப்பா."

அந்தக் கேள்வியைப் பற்றி மைத்தே இன்னும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

டிசம்பர்க் கோடையின் வெக்கை தாங்காமல் தேர்வு அறைக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். மாடிக்கு வரவே கூடாது, வாசலிலேயே இருங்கள் என்று அவள்தான் அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அத்தை முட்டை வாங்கப் போன நேரம் அவர் மேலே ஏறியிருக்கிறார். நின்று நின்று, அத்தனை படியும். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அவளுக்கு முன்பாகவே இறங்கி வந்து, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்.

சாலையில் போன பேருந்து வேகம் குறைத்து ஹாரன் அடித்தது. உள்ளிருந்து யாரோ கைதட்டினார்கள். அப்பா அவர்களுக்குக் கையை உயர்த்திக் காட்டினார்.

அந்தக் கையைக் கீழே இறக்காமல் அப்படியே தங்கையிடம் நீட்டினார்.

"மாவையும் குடு, நெலிதா. இன்னிக்கு ஒண்ணும் பாக்கி வைக்க வேணாம்."

மைத்தே அவருக்கு எட்டும்படி தலையைக் குனிந்து கொடுத்தாள்.