மஞ்சளைத் தாண்டியது யார்

மேலாளர் லுட்மான், வீப்கேயின் மேசை ஓரத்தில் உட்கார்ந்து, அந்த ஊர் வழக்கப்படி வேகவைக்காத பன்றிக் கொத்துக்கறியைப் பன்னில் அப்பித் தின்றுகொண்டிருந்தார். மீசையில் வெங்காயத் துணுக்கு.

வீப்கே கணினித் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இந்த ஆலையிலிருந்து போன கொத்துக்கறியைத் தின்ற பதினோரு பிள்ளைகள் மருத்துவமனையில் கிடக்கிறார்கள். இந்த மனிதருக்கு எப்படித்தான் தொண்டையில் இறங்குகிறதோ.

"மஞ்சள் எச்சரிக்கை வந்துருக்கு, ஹின்ரிக் பாக்காம என்டரைத் தட்டிட்டான். அப்படின்னு ஒரு வரி எழுதிக் குடும்மா, இன்னைக்கே அவன் சீட்டைக் கிழிச்சிடறேன்" என்றார்.

ஆலையின் கணினி நிரல்களெல்லாம் வீப்கே பொறுப்பு. வந்து இறங்கும் இறைச்சி ஏழு டிகிரிக்கு மேல் இருந்தால் நிரல், அதில் அமைத்துவைத்த நிறத்தில் ஓர் எச்சரிக்கை காட்டும். சிவப்பு என்றால் அங்கேயே நின்றுவிடும், யார் வந்தாலும் நகராது. மஞ்சள் என்றால் என்டரைத் தட்டினால் போதும், மேலே போய்விடும்.

முன்பெல்லாம் சிவப்புதான். லாரிகள் காத்துக்கிடக்கின்றன என்று மஞ்சளாக்கச் சொன்னதே இந்த லுட்மான்தான்.

குளிர்க்கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஹின்ரிக் கதவோரம் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றார். இருபத்தாறு வருட வேலை.

"தட்டித்தான் இருப்பேன் போல, வீப்கே. ஒரு நாளைக்கு ஏதேதோ செய்திக்கு நூறு தடவை தட்டறேன், எதைன்னு ஞாபகம் வச்சுக்கறது?"

வீப்கே அந்தக் கறி வந்து இறங்கிய நாளின் பதிவைத் திறந்தாள்.

யாரும் தட்டவில்லை. நிரல் பின்னணியில் தானாக ஓடியிருந்தது. அங்கே திரை கிடையாது, கேட்பதற்கு ஆளும் கிடையாது. சிவப்பாக இருந்திருந்தால் அப்போதும் நின்றிருக்கும். மஞ்சளோ, பதிவில் ஒரு வரி குறித்து வைத்துவிட்டு வழிவிட்டுவிடும்.

அப்படி ஓடவிட்டவர் பெயரும் பதிவில் இருந்தது. அவள் பெயர்.

மஞ்சள் வந்த புதிதில் ஹின்ரிக் அதைத் தட்டவே மாட்டார். ஒவ்வொரு முறையும் விடிவதற்கு முன்பே அவள் வீட்டுக்கு ஃபோன் போட்டு, ஒன்பது டிகிரி காட்டுகிறது, விடலாமா என்று கேட்பார். தூக்கம் கெட்ட எரிச்சலில், ஒரு மார்ச் மாதம், யாரிடமும் சொல்லாமல் அந்த நிரலைப் பின்னணிக்கு மாற்றினாள். ஃபோன் நின்றது. இப்போதெல்லாம் இறைச்சி நன்றாக வருகிறது என்று ஹின்ரிக் சந்தோஷப்பட்டார்.

வீப்கே பதிவை மூடினாள். லுட்மான் கேட்ட வரியை எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவர் வெங்காய விரலோடு வாங்கிக்கொண்டார். அந்த விரலைவிடத் தன் விரல்தான் அவளுக்கு அதிக அருவருப்பாக இருந்தது.

ஹின்ரிக் அவளருகில் வந்தார். எப்போதும் உன்னைக் கேட்டுவிட்டுத்தான் செய்வேன், அன்றைக்கு மட்டும் எப்படிக் கேட்காமல் விட்டேனோ, மன்னித்துக்கொள் என்றார்.

வீப்கே பரவாயில்லை என்றாள்.