துரை பங்களா கொலை வழக்கு

துரை கம்பளத்தின் மேல் செத்துக் கிடந்தார்.

சங்கமித்ரா அவர் காலைத் தாண்டிப் போய், ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

துரை வெறும் பொம்மைதான். கோட்டும் தொப்பியும் மட்டும் நிஜம்.

குதிரை விற்றுப் பணக்காரனான ஒரு வெள்ளைக்காரன் கட்டிய பங்களா அது. அவன் கப்பலேறியதும் பிரசவ ஆஸ்பத்திரி ஆனது. அப்புறம் விதை குடோன். அப்புறம் பதிவாளர் ஆபீஸ். கொஞ்ச காலம் வௌவால்கள் வைத்திருந்தன.

இப்போது விளையாட்டு நிலையம். ஆட்களை உள்ளே வைத்துப் பூட்டுவார்கள். துரையைக் கொன்றது யார் என்று துப்புத் துலக்கி, ஒளித்து வைத்த சாவியைக் கண்டுபிடித்து வெளியே வர வேண்டும். ஜனங்கள் வரிசையில் நின்று மாட்டிக்கொண்டு போகிறார்கள்.

பட்லர் வேஷத்தில் இருந்த ஷ்ரேயாஸ் பூட்டுவதற்கு முன் அவள் காதோடு சொன்னான்.

“வயசானவங்கன்னு சொல்றேன் ஆன்ட்டி. கொன்னது அவரு பொண்டாட்டி. சாவி கடிகாரத்துக்குள்ள இருக்கு.”

அவன் போனதும் அவள் சாவியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அப்பாதுரை அதைப் பார்க்கவில்லை. பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். முட்டிவலியோடு மண்டியிட்டு துரையின் பாக்கெட்டுகளைத் துழாவிக்கொண்டிருந்தார். அவருக்குச் சமையல்காரன் மேல்தான் சந்தேகம்.

போன வாரம் அல்சூரில் ஒரு கல்யாணத்தில் தற்செயலாக எதிர்ப்பட்டவரை இங்கே வரச் சொன்னது சங்கமித்ராதான். காபி குடிக்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். இந்த வீட்டுக்குள் அவர் காலெடுத்து வைப்பது இதுதான் முதல் தடவை.

அலமாரிக்குள் தலையை விட்டார். கம்பளத்தைப் புரட்டினார். துரையையே புரட்டினார். கடைசியில் வேர்த்து வழியக் கதவைத் தட்டினார்.

“மித்ரா, மூச்சு முட்டுது. அந்தப் பையன கூப்பிடேன்.”

“இருங்க. ஆபீஸ் மூட இன்னும் நேரமிருக்கு.”

எந்த ஆபீஸ் என்று கேட்க வாயெடுத்தார். கதவிலிருந்து மெல்லக் கையை எடுத்தார்.

பதிவாளர் ஆபீஸ் இங்கே இருந்த காலத்தில், இதே ஜன்னலோரம், மடியில் இரண்டு மாலைகளோடு, பியூன் வந்து விளக்கை அணைக்கும்வரை அவள் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவர்கள்கூட நேரத்துக்கு வந்துவிட்டிருந்தார்கள்.