சத்தமில்லாத ஒட்டகம்

டி.வி.யில் அந்தச் சிரிப்புப் படத்தின் இரண்டாம் பாகம். ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் குண்டு ஹீரோ ஒட்டகத்திலிருந்து தலைகுப்புற விழுந்தான். சத்தமே இல்லை.

"கொஞ்சமாச்சும் சத்தம் வைங்கப்பா," என்றாள் மகள் மதுஷா.

"விழுந்து எந்திரிக்கிறதப் பாக்க சத்தம் எதுக்கு? வாயப் பொத்திக்கிட்டுப் பாரு," என்றார் புவனேந்திரன்.

ஒட்டகம் ஹீரோவின் காற்சட்டையைக் கவ்வி இழுத்தது. ஜீவராணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். புவனேந்திரனால்தான் முடியவில்லை. வெடித்துச் சிரித்துவிட்டார்.

உடனே, தோட்டத்து லய வரிசையில் பக்கத்து வீட்டுக் காம்பராச் சுவரில் டொக், டொக்.

"போச்சு!" என்று கணவரைக் கிள்ளினாள் ஜீவராணி. "வீரய்யாண்ணன் செத்துப் பதினாறுகூட முடியல. அதுக்குள்ள லயத்துல டி.வி. போட்டுச் சிரிச்சா அக்கா என்ன நெனைக்கும்?"

புவனேந்திரன் சுவரோரம் போனார். "மன்னிச்சுக்குங்கக்கா, நிப்பாட்டிடுறேன்."

"நிப்பாட்டுறதா?" சுவர் வழியே கேட்டாள் வீரய்யாவின் மனைவி கருப்பம்மா. "மொதப் பாகத்த அவரும் நானும் உங்க வீட்லதான பாத்தோம்? ரெண்டாவது எப்ப வரும், எப்ப வரும்னு கெடந்தாரு மனுசன். அரை மணி நேரமா செவத்துல காத வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், ஒரு எழவும் கேக்கல. சத்தத்தக் கூட்டு தம்பி!"

கூட்டினார். ஒட்டகம் மறுபடி உதைத்தபோது, முதல் சிரிப்பு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது.