செவுள் காயும் வரை

ஜன்னல் இல்லாத பட்டாபிராம் சமையலறையில், நண்டுச் சட்டி முன்னால் குந்தியிருக்கிறாள் சிம்ரன். விலங்கியல் முடித்தவள். மேற்படிப்பில் சேர இன்றுதான் கடைசி நாள். பேசி முடித்த மாப்பிள்ளை வீட்டார் மதியம் கை நனைக்க வருகிறார்கள் என்று அம்மா நாகவல்லி அவளைக் கல்லூரிக்கு விடவில்லை. டியூப்லைட் வெளிச்சத்தில் நண்டுகளின் வாயோரம் நுரை பொங்கிப் பொங்கி உடைகிறது. ஓடுகள் அலுமினியத்தில் உரசிக் கிறீச்சிடுகின்றன. "கடல்ல கீறதுக்கு இங்க எப்டிடி மூச்சு வருது?" என்கிறாள் நாகவல்லி, இஞ்சி நசுக்கிக்கொண்டே. "செவுளு ஈரமா கீற வரைக்கும் வரும். நண்டுலயே சிலது தரைக்குக் குடி வந்துடுச்சிமா. இதுங்களும் ஒருநாள் வரலாம். லட்சக்கணக்கா வருசம் ஆவும்." "அத்தினி வருசம் சம்பந்தி சோத்துக்குக் காத்துகினு இருப்பாங்களா? மொதல்ல கால ஒடி, ஓடிடப் போவுது." சொல்லும்போதே ஒன்று விளிம்பேறிக் கீழே விழுகிறது. சிமெண்டுத் தரையில் ஈரக்கோடு இழுத்தபடி, வெயில் விழும் வாசலைப் பார்த்துப் பக்கவாட்டில் ஓடுகிறது. வெளியே சென்ட்ரல் போகும் மின்ரயில் ஊதுகிறது. ஓடு சனியனே, ஓடு என்று பல்லைக் கடிக்கிறாள் சிம்ரன். அதற்குள் அவளுடைய காலே நீண்டு வாசலை அடைத்துவிடுகிறது.