பதினேழாம் கேள்வி

பலாபத்வல கிராமத்தில் வீட்டு வாசலில் இராணுவ ஜீப் வந்து நின்றபோது, சுசீலாதேவி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

கை அப்படியே தண்ணீருக்குள் நின்றுவிட்டது.

வருவார்கள் என்று தெரியும். மகள் லோஜனா பேராதனையில் பொறியியல் பட்டம் வாங்கிய கையோடு இராணுவ அதிகாரி வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகத் தேர்வும் முடிந்துவிட்டது. குடும்பத்தைப் பற்றி விசாரிக்க ஆள் வருவதுதான் பாக்கி.

வேறு வேலை கிடைக்காதவள் இல்லை. கொழும்பில் ஒரு கம்பெனி கூப்பிட்டது. ஆனால் போன வருட மழையில் பாலம் அடித்துக்கொண்டு போனபோது, ஒரு பெண் அதிகாரி முப்பது பேரை வைத்து இரண்டே நாளில் இரும்புப் பாலம் போட்டதை லோஜனா நனைந்துகொண்டே நின்று பார்த்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு வேறு பேச்சே இல்லை.

சுசீலாதேவி வேண்டவே வேண்டாம் என்றாள். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை.

ஜீப்பிலிருந்து இறங்கியவர் நரைத்த மீசையுள்ள ஒரு மேஜர். கதிரையின் நுனியில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தார். சிங்களத்தில் கேட்டார். சுசீலாதேவியும் சிங்களத்திலேயே பதில் சொன்னாள். கணவர் கந்தோர் வேலைக்குப் போயிருக்கிறார். தான் ஓய்வுபெற்ற ஆசிரியை. பிள்ளை இவள் ஒருத்திதான்.

பதினேழாவது கேள்வி: குடும்பத்தில் யாராவது கைதானதோ காணாமல் போனதோ உண்டா?

எதிரே உட்கார்ந்திருந்த லோஜனா முந்திக்கொண்டு இல்லை என்றாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அம்மாவின் அண்ணன் காய்ச்சலில் இறந்துபோனார் என்று சொல்லித்தான் அவளை வளர்த்திருந்தார்கள்.

மேஜர் எழுதக் குனிந்தார்.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். திறந்தால் மகளின் வேலை போய்விடும். இத்தனை மாதம் அதைத்தானே கடவுளிடம் கேட்டாள். இப்போது அது கைக்கெட்டும்போது வேண்டாம் என்று இருந்தது. ஆனால் நாளைக்கு யாராவது இதைக் கிண்டி எடுத்தால், சீருடையோடு தலைகுனிந்து நிற்கப்போவது லோஜனாதானே?

சிங்களம் வாயில் வரவில்லை.

“இருக்கு சேர். என் அண்ணன், மகேஸ்வரன். எண்பத்தொம்பதுல வீட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போனாங்க. இன்னும் வரல்ல.”

லோஜனா திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

மேஜர் யார் கூட்டிப்போனார்கள் என்று கேட்கவில்லை; அந்தக் கிளர்ச்சி வருடத்தில் ஊரூராக இளைஞர்களைப் பிடித்துப்போனது எந்தச் சீருடை என்று அவருக்கும் தெரியும். வயது கேட்டார். இருபத்து மூன்று. முழுப்பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டார். அவள் எழுத்துக் கூட்டிச் சொன்னாள். அவர் ஒவ்வொரு எழுத்தாக, அவசரப்படாமல் எழுதினார். முப்பத்தைந்து வருடங்களுக்கு மேல் அந்த வீட்டில் யாரும் உரக்கச் சொல்லாத பெயர்.

 லோஜனா தன் கதிரையை இழுத்து அம்மாவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

அண்ணனைச் சொல்லி மகளைக் கவிழ்த்துவிட்டோம் என்று சுசீலாதேவி நினைத்தாள். கண்ணைத் துடைக்கவும் பயமாக இருந்தது.

மேஜர் கோப்பை மூடிவிட்டு எழுந்தார். காலையில் ஐந்து கிலோமீட்டர் ஓடிப் பழகிக்கொள்ளும்படி லோஜனாவிடம் சொன்னார். அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் தியத்தலாவையில் குளிர் கடுமை, ஜனவரியில் போகும்போது கம்பளிச் சட்டை இரண்டு கொண்டுபோக வேண்டும் என்றார்.

லோஜனாவுக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. பிறகு தன்னை அறியாமல் நிமிர்ந்து நின்றாள்.

வாசலில் மேஜர் நின்றார். வடக்கில் வேலை செய்து பழகிய தமிழில், சுசீலாதேவிக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

“என்ட அண்ணாவையும் அதே வருஷம்தான் கொண்டுபோனவங்க அம்மா, எங்கட ஊர் லக்கலயில. எனக்கு அப்ப பதினாலு வயசு. ஆமிக்கு நான் நிரப்பின போர்மிலயும் இந்தக் கேள்விக்கு ஓம், இருக்கு எண்டுதான் எழுதினனான்.”